வெப்ப முள் ஏறும் வேளை

(லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



பழைய லாரி ஒன்றின் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று வெப்ப முள் காட்டினால், அதன் காரணத்தை எந்த முறையில் தேடிக் காண்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இது மேடையில் பேசும் விஷயமா, பட்டறையில் கையில் கிரீஸ் படியச் செய்ய வேண்டிய வேலையல்லவா என்று சிலருக்குத் தோன்றலாம். கை வேலைதான், சந்தேகமில்லை; ஆனால் அந்தக் கை எந்த நட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது புத்தி. புத்தியின் வேலை ஒழுங்காக நடவாமையால், பழுதில்லாத பாகங்கள் கழற்றி எறியப்படுவதையும், பழுதான பாகம் இருந்த இடத்திலேயே இருக்க, புதுச் சாமான்களுக்கு வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டப்படுவதையும், கடைசியில் மலைப்பாதையின் நடுவே பிஸ்டன் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் முதலே முடங்கிப்போவதையும் இந்த வட்டாரத்தில் நாம் அடிக்கடி காண்கிறோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் மனத்தில் லாரிதான் வந்து நிற்கிறது. ஒரே ஒரு பழைய வண்டியை வைத்துக்கொண்டு, அதன் வாடகையை நம்பியே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் இங்கே எத்தனையோ பேர். அவர்களை மனத்தில் கொண்டே பேசுகிறேன்.

முதலில், டீசலில் பிறக்கும் வெப்பம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில், ருடால்ப் டீசலின் யந்திரத்தை முறைப்படி பரீட்சித்தபோது, எரிபொருளில் அடங்கிய சக்தியில் 26.2 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறியது என்று கண்டார்கள். அந்நாளில் அது பெரிய சாதனை. நம்முடைய பழைய ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின் அதைவிட மேலானதுதான். ஆயினும் நாம் ஊற்றுகிற டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இன்றைக்கும் வேலையாகிறது; இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது; மூன்றாவது பங்குக்குச் சற்றே குறைந்த வெப்பம் தண்ணீரின் தலையில் விழுகிறது. 110 குதிரைத் திறன், அதாவது சுமார் 80 கிலோவாட் தரக்கூடிய இன்ஜின், முழுப் பாரத்தோடு மேடு ஏறும்போது, ஏறக்குறைய 60 கிலோவாட் வெப்பத்தை ஓயாமல் தண்ணீர் சுமந்து கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். ரேடியேட்டர் அதை அப்படியே காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இந்த ஒப்படைப்பு எத்தனை கடினமானது என்பதை அறிய, 1901இல் வெளிவந்த மெர்சிடிஸ் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரை நினைத்தால் போதும். 8,070 சிறு குழாய்களை அடுக்கி அதை ஆக்கினார். நீரையும் காற்றையும் எவ்வளவு பரந்த பரப்பில் சந்திக்கவைக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் வெப்பம் இறங்கும்.

ஆகவே எந்த லாரியாக இருந்தாலும், வெப்பம் வெளியேறுவதற்கு இரண்டு ஓட்டங்கள் தடையின்றி நடைபெற வேண்டும்: ஒன்று நீரோட்டம், மற்றது காற்றோட்டம். இவற்றில் ஒன்று தளர்ந்தால் முள் ஏறும். இரண்டும் சரியாக இருந்தும், இன்ஜினே தன் வழக்கத்துக்கு மிஞ்சிய வெப்பத்தைப் பிறப்பித்தால் அப்போதும் ஏறும். இவையன்றி நான்காவதாக ஒன்று உண்டு. வெப்பம் ஏறாமலே முள் மட்டும் ஏறுவது. இந்த நான்காவதை முதலில் விலக்கிவிட்டுத்தான் மற்ற மூன்றுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனென்றால் அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முள்ளை ஆட்டும் ஏற்பாடுகள் நம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு விதம். மிகப் பழைய வகையில், எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த ஒரு குமிழ் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க, அதிலிருந்து நூல் போன்ற செப்புக்குழாய் ஒன்று மீட்டர் வரை ஓடும். குமிழ் சூடாக ஆக உள்ளே அழுத்தம் பெருகி முள்ளைத் தள்ளும். அந்தக் குழாய் எங்கேனும் ஒடிந்தாலோ கசிந்தாலோ அழுத்தம் போய்விடும். ஆகையால் அந்த வகை பொய் சொன்னால் குறைத்துத்தான் சொல்லும், கூட்டிச் சொல்வது அபூர்வம். பின்னால் வந்த மின்சார வகையின் சுபாவம் வேறு. அதில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறைந்துகொண்டு போகும். தடை குறைந்தால் முள் ஏறும். சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரின் மேலுறை, இன்ஜின் அதிர்வில் உராய்ந்து தேய்ந்து, செம்பு எங்கேனும் இரும்பைத் தொட்டுவிட்டால், மீட்டர் அதைக் கடும் வெப்பமென்று எடுத்துக்கொண்டு முள்ளைக் கடைசிக் கோட்டுக்குத் தள்ளிவிடும். சென்சாரில் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முள் குளிர்ந்த பக்கத்துக்கு விழ வேண்டும். அந்த முனையைக் கணநேரம் இன்ஜின் இரும்பில் தொடுங்கள். முள் உச்சிக்கு ஏற வேண்டும். கழற்றிய பிறகும் முள் விழாமல் நின்றால், குற்றம் தண்ணீரில் இல்லை, ஒயரிலோ மீட்டரிலோ இருக்கிறது. சில வண்டிகளில் டீசல் மீட்டருக்கும் வெப்ப மீட்டருக்கும் ஒரே சிறு சாதனம் நிலையான மின்னழுத்தம் கொடுக்கும். அது கெட்டால் இரண்டு முட்களும் சேர்ந்தே மேலே போகும். டீசல் போடாமலே டீசல் முள்ளும் ஏறியிருந்தால், ரேடியேட்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

இதில் இன்னொரு லட்சணமும் கவனிக்கத்தக்கது. லாரி இன்ஜினில் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பும், அதனுள்ளே இருபது முப்பது லிட்டர் தண்ணீரும் இருக்கின்றன. ரேடியேட்டர் முழுவதும் செயலற்றுப்போனாலும், முழுப் பாரத்தில் அத்தனையும் 30 டிகிரி ஏறுவதற்கு ஒன்றிரண்டு நிமிஷமாவது செல்லும். முள் ஒரு நொடியில் துள்ளி ஏறி, அடுத்த பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் துள்ளி இறங்கினால், அது வெப்பமாக இருக்க முடியாது; ஒயரைப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால், துப்பாக்கி வடிவில் இப்போது மலிவாகக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை, தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வாகிய தெர்மோஸ்டாட்டின் கூண்டின்மேல் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டில் காட்ட வேண்டும்.

ஒரு பெரிய அபாயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்த முள், ஓட்டுநர் ஒன்றும் செய்யாமலே தானாக இறங்கத் தொடங்கினால், அவர் ஆறுதலடைகிறார். உண்மையில் அதுவே அஞ்ச வேண்டிய கணம். தண்ணீர் வெளியேறி மட்டம் தாழ்ந்து, சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போதும் முள் அப்படி இறங்கக்கூடும். உள்ளே சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்க, மீட்டர் நலமென்று காட்டும். மேடு முடியாமல், காலை எடுக்காமல், காரணமின்றி முள் இறங்கினால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

முள் சொல்வது மெய்தான் என்று நிச்சயமான பின்பு, பருவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்து, ரேடியேட்டர் தன் முழுச் சக்தியோடு வேலை செய்யும் நிலையில், வெளிக்காற்று எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி தண்ணீரும் ஏறும். மார்கழியில் 28 டிகிரிக் காற்றில் ஒரு மேட்டை ஏறும்போது தண்ணீர் 90 டிகிரியில் நின்றதென்றால், அதே பாரத்தோடு, அதே வேகத்தில், அக்னி நட்சத்திரத்தின் 42 டிகிரியில் ஏறும்போது அது 104 ஆகும். வண்டியில் புதிதாக ஒன்றும் கெடவில்லை; ஏற்கெனவே பாதி கெட்டிருந்தது வெயிலில் வெளிப்பட்டது, அவ்வளவே. போன மாதம் நன்றாகத்தானே ஓடியது என்று சொல்லி, போன மாதம் மாற்றிய பாகத்தின்மேல் பழி போடுவது இந்த உண்மையை அறியாமையால் வருவது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். முள் எப்போது ஏறுகிறது? இந்த ஒரு கேள்வியை ஓட்டுநரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் கடைசி வரையில் பொறுமையாகக் கேட்காமல், எந்த மெக்கானிக்கும் ஸ்பானரைக் கையில் எடுக்கலாகாது என்பதே நான் இன்று வற்புறுத்த வந்த கருத்து. நின்ற இடத்திலும் ஊர்ந்து போகையிலும் ஏறி, சமதளத்தில் ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், குற்றம் காற்றோட்டத்தில். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே விசிறியாகிவிடுகிறது, நின்ற வண்டிக்குச் சொந்த விசிறியை விட்டால் கதியில்லை. நின்றால் ஒன்றுமில்லை, நெடுஞ்சாலையில் பாரத்தோடு விரைந்து போகும்போதுதான் ஏறுகிறது என்றால், நீரோட்டத்தையும் ரேடியேட்டரின் உட்குழாய்களையும் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிஷங்களுக்குள்ளே ஏறினால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஓட்டுநர் ஆயிரம் கிலோமீட்டர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தவர். அவர் அறிந்ததைப் பட்டறையில் வேறு யாரும் அறியமாட்டார்கள்.

நான் நேரில் கண்ட ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் பாரம் ஏற்றிப் போகும் பழைய ஆறு சிலிண்டர் லாரி அது. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரங்கட்டி ஆற வைத்து, மறுபடி ஏற வேண்டும். பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள், ஹெட்டை இறக்கிக் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்டார்கள்; முள் முன்போலவே ஏறிற்று. உரிமையாளர் இன்ஜினையே விற்றுவிடலாமா என்ற யோசனையில் இருந்தார். ஓட்டுநரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டபோது, "மலை ஏறோணும்னு இல்லீங்கய்யா, பண்ணாரி செக்போஸ்ட்ல வரிசையில நின்னாலே முள்ளு ஏறுதுங்க; வண்டி நகர்ந்து ஓட ஆரம்பிச்சா எறங்கிடுதுங்க. முன்பக்கம் இடிச்சு டிங்கரிங் பண்ணி வந்ததுலருந்து இப்படித்தானுங்க" என்றார்.

அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முழு விடையும் இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நாளிதழின் தாளை ரேடியேட்டரின் முன்புறத்தில் வைத்துப் பார்த்தோம். நல்ல விசிறியும் அதைச் சுற்றி நல்ல தகரக் கூண்டும் உள்ள வண்டியில், ரேடியேட்டரின் எந்த மூலையில் வைத்தாலும் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே நடுவில் வைத்தபோது தாள் படபடவென்று ஒட்டியது. மேல் மூலைகளுக்கு நகர்த்தியதும் வழுக்கி விழுந்தது. கீழ் மூலையிலோ முன்பக்கமாகவே அசைந்து, இன்ஜின் பக்கத்துச் சூடான காற்று ஓரத்தால் சுற்றிக்கொண்டு திரும்பி வருவதைக் காட்டிற்று. விசிறியைச் சுற்றி ரேடியேட்டரோடு பொருந்தி நிற்க வேண்டிய தகரக் கூண்டு, அதாவது கவுல், டிங்கரிங் வேலையின்போது கழற்றப்பட்டுத் திரும்ப மாட்டப்படவேயில்லை. அது இல்லாமையால் விசிறி தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தை மட்டும் இழுத்துக்கொண்டு, மிச்சமிருந்த பரப்பைச் சும்மா விட்டுவிட்டது. விசிறி இறக்கையின் அகலத்தில் சுமார் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி தகரத்தில் ஒரு கவுல் அடித்து மாட்டி, தெர்மோஸ்டாட்டையும் திரும்ப வைத்த பின், அந்த லாரி திம்பத்தை நிற்காமல் ஏறிற்று.

காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போதே மற்றச் சிறு விஷயங்களையும் சொல்லிவிடலாம். பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமிழலாகாது. பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல மின்னினால் அது வழுக்குகிறது. வாட்டர் பம்ப் மாற்றும்போது விசிறியை முன்பின்னாக மாட்டிவிடுவதும் உண்டு. அப்படி மாட்டினால் காற்று வரும் திசை மாறாது, அளவு மட்டும் குறையும், அதனால்தான் அந்தத் தவறு கண்ணில் படாமலே நீடிக்கிறது. வைக்கோல் தூசியும் பஞ்சும் பூச்சிகளும் ரேடியேட்டரின் தகடுகளுக்கு இடையில் நிரம்பியிருந்தால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். முகப்பிலே பெயர்ப் பலகையும் சலங்கையும் மாலையும் கட்டுவதில் உங்களுக்குள்ள பக்தியை நான் மதிக்கிறேன்; அவற்றை ரேடியேட்டருக்கு நேர் எதிரே கட்டாமல் சற்று உயர்த்திக் கட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குற்றம் காற்றிலா நீரிலா என்று ஓட்டுநரின் சொல்லாலும் தெளியாவிட்டால், அதே வெப்பமானியால் ரேடியேட்டரின் மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் அளந்து பாருங்கள். நல்ல நிலையிலுள்ள வண்டியில் பாரம் இழுக்கும்போது இரண்டுக்கும் 6 முதல் 10 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். இரண்டும் ஒன்றுபோலக் கொதிநிலையை நெருங்கியிருந்து வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால், தண்ணீர் வேகமாகத்தான் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை வாங்கவில்லை. மேலே கொதித்துக் கீழே 20, 25 டிகிரி குறைந்திருந்தால், காற்று தன் கடமையைச் செய்கிறது, தண்ணீர்தான் மெதுவாக ஊர்கிறது. இந்த ஒரு கணக்கு எத்தனையோ பாகங்களைக் கழற்றாமல் காப்பாற்றும். இதை ஏன் எல்லாப் பட்டறைகளிலும் செய்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

தண்ணீர் மெதுவாக ஊர்வதற்கு நம் நாட்டில் தலையாய காரணம் போர் தண்ணீர். வெந்நீர் போடும் பானையின் அடியில் வெள்ளையாக ஏறும் உப்புப் படிவை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டர் சுவரின் வெளிப்புறத்திலும் படிகிறது. குழாய்களில் படிந்தால் நீரோட்டம் குறைகிறது, முள் ஏறுகிறது, நமக்குத் தெரிகிறது. சிலிண்டர் சுவரில் படிவதோ அதைவிடக் கொடியது. வார்ப்பிரும்பு இந்தச் சுண்ணாம்பைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே 1 மில்லிமீட்டர் படிவு ஏறினால், வெப்பம் வெளிவரும் வழியில் 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாத இரும்புச் சுவர் ஒன்றைப் புதிதாக எழுப்பியதற்குச் சமம். மீட்டர் அறிவது தண்ணீரின் உஷ்ணத்தை; இரும்பின் உஷ்ணத்தை அது அறியாது. படிவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் சாதாரணமாக இருக்க, அந்தப் பக்கம் சிலிண்டர் சுவராகிய லைனர் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கலந்த கூலன்டை ஊற்றுங்கள். அதன் செலவைக் கேஸ்கெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், போர் தண்ணீரின் விலையோடு அல்ல. ஏற்கெனவே அடைத்துப்போன ரேடியேட்டருக்கு ஆசிட் ஊற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். தொட்டியின் பற்றவைப்பை எடுத்து, குழாய் ஒவ்வொன்றிலும் பட்டைக் கம்பி விட்டுக் குத்தித் துடைப்பதே பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்ற வழி.

கீழ் ஹோஸையும் மறவாதீர்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால், நின்ற நிலையில் ஒழுங்காகத் தோன்றும் ஹோஸ், வேகம் கூடும்போது உறிஞ்சலில் சப்பிப்போய் வழியை அடைத்துவிடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, மற்றொருவர் அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு பரீட்சை இதற்கு இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று சொல்லாத பட்டறை அரிது. பல இன்ஜின்களில் அந்த வால்வு இரண்டு வேலை செய்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் பம்புக்கே திரும்பும் குறுக்குவழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே இன்ஜினுக்குள் திரும்பும். வெப்பத்தைக் குறைக்கவென்று செய்த காரியம் வெப்பத்தைக் கூட்டுகிறது. சமதளத்தில் பாரமில்லாமல் ஓடும்போதோ இன்ஜின் போதிய சூடு பெறாமல், எரிப்பில் பிறக்கும் நீராவியும் கந்தக அமிலமும் குளிர்ந்த சுவரில் படிந்து லைனரை அரிக்கின்றன. இந்த உண்மையை 1930களிலேயே இங்கிலாந்தில் ஆராய்ந்து நிலைநாட்டினார்கள். வால்வில் சந்தேகமிருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் 82 என்று அடித்திருந்தால் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் 10, 12 டிகிரியில் முழுவதும் திறக்க வேண்டும். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள். வெற்றிடமாக மட்டும் விடாதீர்கள்.

இன்ஜினே மிகையான வெப்பத்தைப் பிறப்பிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஏர் ஃபில்டர் அடைத்துக் கரும்புகை தள்ளுவது, பம்பில் டீசலைக் கூட்டிவைப்பது, டீசல் தெளிக்கும் டைமிங் பிந்திப்போவது, பிரேக் டிரம் பிடித்துக்கொண்டு ஓடுவது ஆகியவை அந்த வகை. ஓட்டும் முறையிலும் ஒரு காரணம் அடங்கியிருக்கிறது. மேட்டில் உயர்ந்த கியரிலேயே இன்ஜினைத் திணறவைத்துக்கொண்டு போனால், டீசல் முழுவதும் விழுகிறது, ஆனால் விசிறியும் பம்பும் மந்தமாகச் சுழல்கின்றன. ஒரு கியர் இறக்கினால் இரைச்சல் கூடுவதைக் கேட்டு இன்ஜினுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் அப்போதுதான் அதற்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்கின்றன.

ஹெட் கேஸ்கெட்டைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதே. ஆனாலும் ஹெட்டை இறக்காமலே அதை அறியலாம். குளிர்ந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டையும் ஃபேன் பெல்ட்டையும் கழற்றி, தண்ணீரைத் தெர்மோஸ்டாட் கூண்டின் விளிம்பு வரை நிரப்பி, இன்ஜினை ஒரு நிமிஷம் மாத்திரம் ஓடவிடுங்கள். பம்ப் சுழலவில்லை, தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஆகவே அப்போது தொடர்ந்து குமிழி வந்தால் அது சிலிண்டருக்குள்ளிருந்து தப்பி வரும் எரிவாயுவே. குளிர்ந்த வண்டியைக் கிளப்பிய மறுகணமே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், இன்ஜின் ஆயில் மோர்போல வெளுப்பதும் அதே செய்தியைச் சொல்கின்றன.

முள் ஏறாமலே தண்ணீர் கொதிப்பதும் உண்டு; அதற்குக் காரணமாகும் ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியென்று எண்ணுவோர் பலர். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், சமவெளியில் தண்ணீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். மலையில் அதுவும் கிடையாது. ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை போகிற வண்டி உச்சியை எட்டும்போது, மூடி கெட்டிருந்தால் 93 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே தண்ணீர் கொதித்துவிடும். முள் சிவப்பைத் தொடவேயில்லை, ஆவி மட்டும் எப்படி அடிக்கிறது என்று வியப்பவர்கள் மூடியைக் கழற்றி வாஷரைப் பார்க்க வேண்டும்.

மலைப்பாதையில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பெல்ட் அறுந்தோ ஹோஸ் கிழிந்து தண்ணீர் கொட்டியோ இருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அப்படியில்லாவிட்டால் ஓரங்கட்டிச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் சற்றே விரைவாக ஓடவிடுங்கள். திடீரென்று நிறுத்தினால் நீரோட்டமும் நின்று, இரும்பில் தங்கிய வெப்பம் முழுவதும் நின்ற தண்ணீரில் இறங்கிக் கொதிக்கும். சில நிமிஷத்தில் முள் இறங்காவிட்டால் நிறுத்திவிடலாம். மூடியில் கை வைக்காதீர்கள், கிளீனர் பையனையும் வைக்க விடாதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருந்த தண்ணீர் திறந்த கணத்தில் ஆவியாக வெடித்து முகத்தில் அடிக்கும், அதில் கண்ணை இழந்தவர்கள் உண்டு. மேல் ஹோஸை வெறுங்கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கக் கை தாங்குகிறதென்றால், அதன் பிறகு கனத்த சாக்கை மூடியின்மேல் போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி ஆவியை விட்டுவிட்டு, பின்பு கழற்றுங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான இன்ஜினின்மேல் ஊற்றாதீர்கள். ரேடியேட்டருக்குள்ளும், இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகவே ஊற்ற வேண்டும். மறுபடி கிளம்புவதற்கு முன்னால், எந்த வளைவில், எந்த கியரில், எத்தனை டன் பாரத்தோடு, எத்தனை மணி வெயிலில் முள் ஏறிற்று என்பதை டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போனதும், வண்டியின் சாவியைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.